புது கிளட்ச் போட்ட வண்டி: முதல் 800 கி.மீ. எப்படி ஓட்டுவது, ஏற்காடு போகலாமா?

கேள்வி சுருக்கமாக: "கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. போன வாரம் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றினேன். வேலை பார்த்த மெக்கானிக் 'எப்பவும் போல ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது' என்கிறார். பக்கத்து வீட்டு டாக்ஸி அண்ணன் 'ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அறுபதைத் தாண்டாதே' என்கிறார். தினமும் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு ரூம் போட்டாச்சு. யார் சொல்வது சரி அண்ணே?"

தம்பி, புது கிளட்சை முதலில் கொஞ்ச நாள் நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்ற அளவில் டாக்ஸி அண்ணன் சொல்வது சரி. ஆனால் அறுபது, எண்பது என்ற வேகத்துக்கும் கிளட்சுக்கும் சம்பந்தம் இல்லை. நாலாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது கிளட்ச் பிளேட்டும், இன்ஜின் முனையில் சுற்றும் கனத்த சக்கரமான பிளைவீலும் ஒன்றாகச் சுற்றுகின்றன. உரசலே கிடையாது. உரசல் இல்லாத இடத்தில் தேய்மானமும் இல்லை, பழகுவதும் இல்லை. வண்டியை எடுக்கும்போதும் கியர் மாற்றும்போதும் பெடலை விடும் அந்த ஒரு விநாடி, ஒன்றரை விநாடியில்தான் கிளட்ச் உரசுகிறது. அதனால் ஓடோமீட்டரை மட்டும் பார்த்துப் பயனில்லை. எத்தனை முறை நிதானமாகப் பிடித்து விட்டோம் என்பதுதான் கணக்கு.

கிளட்ச் செய்யும் கம்பெனிகள் பல, 500 மைல், அதாவது சுமார் 800 கி.மீ. ஊருக்குள் ஓட்டச் சொல்கின்றன. 'ஊருக்குள்' என்ற வார்த்தையை நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள், எண் மட்டும் மனதில் நிற்கிறது. கி.மீ.க்கு நாலு முறை கியர் மாற்றினால் 800 கி.மீ.யில் கிளட்ச் மூவாயிரம் தடவைக்கு மேல் பிடித்து விட்டிருக்கும். அதே 800 கி.மீ.யை விழுப்புரம் தாண்டி நாலுவழிச் சாலையில் டாப் கியரில் ஓட்டினால் சுங்கச்சாவடி, டீக்கடை எல்லாம் சேர்த்தாலும் சில டஜன் தடவைகள்தான் தேறும். ஓடோமீட்டரில் 800 காட்டும், உள்ளே பிளேட் புதுசாகவே இருக்கும்.

பழகுதல் என்று உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் லைனிங், நார்களையும் சிறு உலோகத் துகள்களையும் பிசினோடு சேர்த்து அழுத்திச் சுட்டது. புதுசாக இருக்கும்போது அதன் முகம் கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் நுண்ணிய மேடு பள்ளம் இருக்கும். எதிரே பிளைவீல் ஒரு பக்கம், கிளட்ச் பிளேட்டை அதோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மறுபக்கம். அவற்றிலும் மிஷின் ஓடிய தடம் இருக்கும். முதல் நாட்களில் லைனிங்கின் மேடுகள் மட்டுமே எதிர்முகத்தைத் தொடுகின்றன. முழு வட்டமும் வாங்க வேண்டிய சுமையை ஒரு பகுதி மட்டும் வாங்குகிறது. புதிதாகக் கொத்திய அம்மியில் எடுத்த எடுப்பில் சட்னி அரைக்காமல் கொஞ்சம் அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டுவார்களே, அந்த வேலையைத்தான் இந்த முதல் சில வாரங்கள் செய்கின்றன. மேடுகள் மெல்லத் தேய்ந்து முழு முகமும் முகத்தோடு பொருந்தும். லைனிங்கிலிருந்து ஒரு மெல்லிய படலம் இரும்பில் ஏறும். அதற்குப் பிறகுதான் கிளட்ச் தன் முழுப் பிடியைக் காட்டும்.

அந்தக் கட்டத்துக்கு முன்பே சூட்டைக் கொடுத்தால், தொடும் அந்தச் சில மேடுகளில் மட்டும் சூடு குவியும். பிசின் முகத்துக்கு வந்து கண்ணாடிபோல் பளபளப்பாக இறுகிவிடும். இரும்பில் நீலம் பாய்ந்த திட்டுகள் விழும். அந்தத் திட்டுகள் சுற்றிலும் இருக்கும் இரும்பைவிடக் கடினமாக மாறிவிடுவதால், வண்டி எடுக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் உதறும். இந்த உதறல் ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. பளபளப்பு ஏறிய லைனிங் அப்படித் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. கியர் பாக்ஸை மறுபடி இறக்கியாக வேண்டியிருக்கும். பாகத்தின் விலையைவிடக் கூலிதான் அப்போது கடிக்கும்.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்த்துவிடலாம். நின்ற வண்டியை எடுக்கும்போது இன்ஜின் ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், கிளட்ச் முழுசாகப் பிடிக்கும் நேரத்தில் வண்டிக்குக் கிடைத்திருக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் கிளட்சில் சூடாகப் போகிறது. 1,400 கிலோ வண்டியை 1,200 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) முதல் கியரில் எடுத்தால், சுமார் 9 கி.மீ. வேகத்தில் கிளட்ச் பிடித்துவிடும். சூடு சுமார் 4,400 ஜூல். அதே வண்டியை ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டு 2,400-ல் எடுத்தால் பிடிக்கும் வேகம் இரட்டிப்பு, சூடு நாலு மடங்கு: 17,500 ஜூலுக்கு மேல். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறி எடை 1,900 கிலோ ஆனால் இந்த எண்கள் இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். ஏற்றத்தில் நின்று எடுத்தால் அதற்கும் மேல். இரண்டாவது கியரில் எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 'மெதுவாக எடு, கியரை ஒன்றில் போட்டு எடு' என்று பெரியவர்கள் சொல்லித் தந்ததன் பின்னே இந்தக் கணக்குத்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் பாதைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அமைந்த பாதை அருமையானது. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை தரை தட்டையாக இருக்கிறது. ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை, பஸ் ஸ்டாப், குறுக்கே வரும் டூவீலர். மரப்பாலம் தொடங்கி இந்திரா காந்தி சிலை வரை சிக்னல். நிற்பது, ஒன்றில் எடுப்பது, இரண்டு, மூன்று, மறுபடி இறக்குவது. எல்லோரும் சலித்துக்கொள்ளும் இந்தப் பாதை புது கிளட்சுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பள்ளிக்கூடம். அவ்வப்போது பைபாஸ் வழியாகப் போவதாக இருந்தால் இந்த மூன்று நாலு வாரத்துக்கு அதை விட்டு ஊர் வழியாகவே போய் வாருங்கள்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். நின்று நின்று போவது நல்லது, ஊர்ந்து ஊர்ந்து போவது கெடுதல். சனி ஞாயிறு மாலைகளில் வெளியூர் வண்டிகள் புதுச்சேரிக்குள் நுழையும் நேரத்தில் மரப்பாலத்தில் வரிசை அடி அடியாக நகரும். அப்போது பாதி அழுத்திய பெடலில் வண்டியைத் தவழ விடுவோம். ஹாஃப் கிளட்ச் என்று சொல்கிறோமே, அதில் பிளேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கிறது, ஆறுவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழும்வரை நியூட்ரலில் நில்லுங்கள். இடம் விழுந்ததும் ஒன்றில் போட்டு முழுசாக விட்டு நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தைப் பக்கம் மட்டும் இந்த மாதம் காரோடு போகாதீர்கள்.

சிக்னலில் நிற்கும்போது கியரைப் போட்டபடி பெடலை மிதித்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கத்தையும் விடுங்கள். அதில் பிளேட் தேயாது, பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளிப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்தான் தேவையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஓடும்போது இடது காலைப் பெடல் மேல் வைத்துக்கொள்வது அதைவிட மோசம். காலின் எடையே பிரஷர் பிளேட்டின் பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிடும். பழகாத பிளேட்டில் அந்தக் கொஞ்சமே போதும், நழுவத் தொடங்கும்.

டீசல் டர்போ வண்டி என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜின்களுக்கு 1,750–2,000 ஆர்பிஎம் பக்கமே முழு டார்க் (முறுக்கு விசை) வந்துவிடும். நாலாவது, ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து, பஸ்ஸை முந்துவதற்காகச் சட்டென்று ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தினால், இன்னும் முழுப் பிடி வராத பிளேட் அந்த இடத்தில் நழுவக்கூடும். ஓட்டுபவருக்குத் தெரியாத நழுவல் அது, சூடு மட்டும் உள்ளே சேரும். முந்தவேண்டுமென்றால் ஒரு கியர் இறக்கி முந்துங்கள். முதல் 800 கி.மீ. வரை ஆக்ஸிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் மிதிக்காமல் இருப்பது நல்லது.

உங்கள் மெக்கானிக் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தன் வேலை சுத்தமாக இருந்தால், நிதானமாக ஓட்டும் ஒருவரிடம் 'எப்பவும் போல ஓட்டுங்க' என்று தைரியமாகச் சொல்லலாம். புது கிளட்ச் கெட்டுப்போகும் வண்டிகளில் பெரும்பகுதி, ஓட்டியவர் கைக்கு வருவதற்கு முன்பே பட்டறையில் கெட்டுவிடுகின்றன என்பதுதான் நான் பார்த்தவரை உண்மை. அதனால் சண்டைக்குப் போகாமல், அண்ணே என்று அழைத்துச் சில விஷயங்களை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் பிளைவீல். பழைய பிளேட் ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் பிளைவீலில் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருக்கும். அதன்மேல் புது பிளேட்டை வைத்தால் கோட்டின் மேடுகள் மட்டுமே தொடும், பழகுவதற்குள் பிளேட் பாதி போய்விடும். கோடு ஆழமில்லை என்றால் எமரி தாளால் குறுக்காகத் தேய்த்துவிட்டால் போதும். ஆழமாக இருந்தால் லேத்துக்கு அனுப்பி முகத்தை மட்டமாகச் சீவவேண்டும். ஆனால் சில டீசல் வண்டிகளில் இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்த டூயல் மாஸ் பிளைவீல் வரும். அதைப் பொதுவாக லேத்தில் கொடுப்பதில்லை. ஆட்டம் கண்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது, அதை என்ன செய்தார் என்று கேளுங்கள்.

அடுத்து எண்ணெய். புது பிரஷர் பிளேட் பெட்டியிலிருந்து வரும்போது துருப்பிடிக்காமலிருக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பிரேக் கிளீனரோ தின்னரோ போட்டுத் துடைக்காமல் மாட்டினால், அந்த எண்ணெய் முதல் நாளிலேயே லைனிங்குக்குள் இறங்கிவிடும். மெக்கானிக்கின் கிரீஸ் கைரேகைகூட ஆகாது. பிளேட்டின் நடுவே கியர் பாக்ஸ் தண்டு நுழையும் பல்வரிசையான ஸ்ப்ளைனுக்குக் கிரீஸ் வேண்டும், ஆனால் பூசித் துடைத்த அளவுக்குத்தான். கூடினால் சுற்றும்போது தெறித்துப் பிளேட்டில்தான் போய் விழும். கியர் பாக்ஸ் இறங்கியிருந்த நேரத்தில் இன்ஜினின் கிராங்க் தண்டுக்குப் பின்பக்கம் உள்ள ஆயில் சீலில் கசிவு இருந்ததா, மாற்றினாரா என்பதையும் கேளுங்கள். அந்த சீல் விலை குறைவு, ஆனால் அதை எட்ட மறுபடி இவ்வளவு வேலையும் செய்ய வேண்டும். எண்ணெய் ஊறிய பிளேட்டை எத்தனை பக்குவமாக ஓட்டினாலும் பழக்க முடியாது.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரேயடியாக ஒரு பக்கம் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கவர் கோணிக்கொள்ளும். எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இதைச் செய்தீர்களா என்று கேட்டால் எந்த மெக்கானிக்கும் கோபப்படுவார், அதனால் விட்டுவிடுங்கள். கோணியிருந்தால் உதறலே காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியது பெடல். பழைய கிளட்ச் தேயத் தேய, பிடிக்கும் இடம் மாறியிருக்கும். கால் அதற்கே பழகியிருக்கும். இப்போது வேறு உயரத்தில் பிடிப்பதால் முதல் இரண்டு மூன்று நாட்கள் வண்டி ஆஃப் ஆவதும் ஜெர்க் அடிப்பதும் இயல்பு. தட்டையான இடத்தில், மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்திலோ சில்வர் பீச் சாலையிலோ காலை வேளையில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே பெடலை மெல்ல விட்டு வண்டியை நகர்த்தி நிறுத்திப் பாருங்கள். டீசல் வண்டி அப்படியே நகரும். இடையில் ஆற விட்டுச் சில தடவை செய்தாலே பிடிக்கும் இடம் காலுக்குத் தெரிந்துவிடும்.

கேபிள் கிளட்ச் உள்ள வண்டியாக இருந்தால் ஃப்ரீ பிளேயை 500 கி.மீ. பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டும். பெடலை விரலால் அழுத்தினால் கனம் தட்டும் முன் கொஞ்சம் சும்மா இறங்குமே, அதுதான். எத்தனை மி.மீ. என்பது வண்டிக்கு வண்டி வேறு, மேனுவலில் போட்டிருக்கும். லைனிங் தேயும்போது இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். புது பிளேட் பழகும் காலத்திலும் கொஞ்சம் குறையும். முழுக்கப் போய்விட்டால் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், கிளட்ச் நிரந்தரமாக அரைப்பிடியில் நிற்கும். ஹைட்ராலிக் கிளட்சில் இது தானாகச் சரியாகிக்கொள்ளும். அங்கே பார்க்க வேண்டியது ஆயில் அளவும், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார்களா, அதாவது ஏர் எடுத்தார்களா என்பதும். ஏர் இருந்தால் பெடல் பஞ்சுபோல் இறங்கும், ரிவர்ஸ் போடும்போது கர்ரென்று கத்தும்.

ஏஎம்டி வண்டி, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் வண்டி, வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: உள்ளே இருப்பது இதே கிளட்ச்தான், ஆனால் மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டுப் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர வேண்டும். அதைச் செய்யாமல் பழக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

எது இயல்பு, எது கோளாறு என்பதில் பலருக்கும் குழப்பம். முதல் சில நாட்கள் லேசாக ஒரு வாடை வரலாம். பூச்சும் லைனிங்கின் மேல்முகமும் காய்வதால் வருவது, ஒரு வாரத்துக்குள் போய்விட வேண்டும். காலையில் முதல் தடவை எடுக்கும்போது சிறு உதறல் இருந்தால் பொறுக்கலாம். ஆனால் நாளுக்கு நாள் உதறல் கூடினால் பொறுக்கக் கூடாது. பெடலை அழுத்தினால் மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மூன்றிலோ நாலிலோ நிதானமாகப் போகும்போது ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நின்றால், அது ஸ்லிப். புது கிளட்சில் ஸ்லிப் இருக்கவே கூடாது. அன்றே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் ஆஃப் ஆகிறதா என்று சிலர் சோதிப்பார்கள். பழகாத பிளேட்டில் அதை யாரையும் செய்ய விடாதீர்கள்.

இனி ஏற்காடு. அடுத்த சனிக்கிழமை என்றால், தினமும் மேட்டுப்பாளையம் போய் வந்தாலும் அதற்குள் 300 கி.மீ. பக்கம்தான் தேறும். விருத்தாசலம், சின்னசேலம் வழியாகச் சேலம் வரை போகும் இருநூறு கி.மீ. சொச்சம் கிளட்சைப் பழக்காது, கெடுக்கவும் செய்யாது. சேலத்திலிருந்து மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும்கூட வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. வார இறுதியில் அங்கே வரிசை நிற்கும் என்பதுதான் சிக்கல். ஏழு பேரோடு, ஏற்றத்தில், வளைவின் நடுவில் நின்று நின்று எடுப்பது, மேலே போட்ட கணக்கில் எல்லாக் கெடுதலும் ஒன்றாகக் கூடும் இடம். என் கருத்தில், ரூமை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். 70 வளைவு உள்ள கொல்லிமலையைப் பற்றிக் கேட்டிருந்தால் 'முடிந்தால்' என்ற வார்த்தையையே சேர்த்திருக்க மாட்டேன்.

தள்ள முடியாது, வீட்டில் பெரியவர்கள் ஆசையாக இருக்கிறார்கள் என்றால், விடியற்காலையிலேயே அடிவாரத்தைத் தாண்டும்படி கிளம்புங்கள். சாமானில் பாதியை வீட்டிலேயே விடுங்கள். மலையில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் நிறைய இடைவெளி விட்டு, நிற்காமல் இரண்டாவது கியரில் ஏறப் பாருங்கள். நின்றே ஆகவேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள், கிளட்சைப் பாதி விட்டு வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். எடுக்கும்போது ஹேண்ட் பிரேக் பிடித்தபடியே கிளட்ச் கடிக்கும் இடம் வந்ததும் பிரேக்கை இறக்குங்கள். வாடை வந்தால் இடம் பார்த்து ஒதுக்கி, இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். இந்த ஹேண்ட் பிரேக் வித்தையை மலைக்குப் போய்க் கற்க வேண்டாம். புதுச்சேரியில் ராஜீவ் காந்தி சிலையிலிருந்து கோரிமேட்டுக்கு ஏறும் வழியும், கடலூரில் கேப்பர் மலை ஏற்றமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. 200 கி.மீ. ஓட்டிய பிறகு, ஆள் ஏற்றாத வண்டியில் அங்கே சில தடவை எடுத்துப் பழகுங்கள்.

கடைசியாக மழை. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணை பெருகியபோது, தெருவில் நின்ற எத்தனையோ வண்டிகளின் கியர் பாக்ஸ் வரை தண்ணீர் ஏறியது. பிளைவீலைச் சுற்றியிருக்கும் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்து வண்டி சில நாள் சும்மா நின்றால், இரும்பு முகத்தில் துரு பூத்துப் பிளேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். கடற்கரைப் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் உப்புக் காற்று அந்த வேலையை இன்னும் சீக்கிரம் செய்யும். எமரி தேய்த்தோ லேத்தில் சீவியோ கொடுத்த பளிச்சென்ற பிளைவீல் இதற்கு இன்னும் எளிதாக இடம் கொடுக்கும். அதனால் பழகும் காலத்தில் மழை பிடித்தால் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள், இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது எடுத்துத் தெருவைச் சுற்றி வாருங்கள். தண்ணீரில் ஓட்ட நேர்ந்து பிறகு பிடி குறைந்ததுபோல் இருந்தால், ஆர்பிஎம்மை ஏற்றாமல் நாலைந்து தடவை மென்மையாக எடுத்து நிறுத்துங்கள், ஈரம் காய்ந்துவிடும். ஒட்டிக்கொண்டு கியரே விழவில்லை என்றால் பலவந்தம் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள். லைனிங் பிய்ந்து வந்துவிட்டால் புது பிளேட்தான் வாங்க வேண்டியிருக்கும்.